புறங்கையில் இரண்டு தட்டு

அத்தியாயம் 17

"நான் தோத்துடணுமாம்மா?"

ஞாயிற்றுக்கிழமை காலை. காபி இன்னும் ஆறக்கூட இல்லை. ஹம்ஸினி இப்படிக் கேட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ருக்மிணி இட்லிப் பானையின் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

சென்ற வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு நாலு வரி. மல்காஜ்கிரியில் இருக்கும் இந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஜகதீசன், ருக்மிணி, மகள் ஹம்ஸினி. மாடியில் ஜகதீசனின் தம்பி மனைவி அனுபமாவும் அவள் மகள் ஸ்ரேயாவும். தம்பி முரளி போன வருஷம் ஒரு மழைநாளில் பைக்கில் போனவன், திரும்பி வரவில்லை. ருக்மிணி வீட்டு முன் அறையில் செஸ் கிளாஸ் நடத்துகிறாள். இரண்டு பெண்களுக்கும் அவள்தான் கோச்.

பதிமூன்று வயதுக்குட்பட்ட பெண்களுக்கான மாநிலத் தேர்வு இன்று முடிகிறது. தேசியப் போட்டிக்கு இரண்டு பேரை அனுப்புவார்கள். ஒரு இடம் வாரங்கல் பெண்ணுக்கு என்று நேற்றே முடிவாகிவிட்டது. மிச்சம் ஒரு இடம். அதற்கு மிஞ்சி இருப்பது இரண்டே பேர், இரண்டு பேரும் ஒரே வீடு. கடைசிச் சுற்றில் ஹம்ஸினியும் ஸ்ரேயாவும் எதிரெதிரே. ஸ்ரேயா அரைப் புள்ளி முன்னால் இருக்கிறாள், டிரா செய்தாலே போதும். ஹம்ஸினி போக வேண்டுமென்றால் ஜெயித்தாக வேண்டும்.

இது மட்டும் என்றால் பரவாயில்லை. அனுபமாவின் ஆபீஸ் கோயமுத்தூருக்கு மாற்றல் கொடுக்கத் தயாராக இருக்கிறது. "ஸ்ரேயா செலக்ட் ஆனா இங்கேயே இருந்துக்கறோம். இல்லீன்னா அம்மா வீட்டுக்கே போயிடறோம் அக்கா. செஸ் ஒண்ணுதான் அவளை இந்த வீட்டுல பிடிச்சு வெச்சிருக்குது" என்று அவள் சொல்லியிருந்தாள். அதில் மிரட்டல் எதுவும் இல்லை. அப்பா போனதிலிருந்து பள்ளிக்கூடத்தில்கூட வாய் திறக்காத பெண், போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் உயிரோடு இருந்தாள்.

"சொல்லும்மா. தோத்துடட்டுமா?"

"உனக்கு நான் என்ன சொல்லிக் குடுத்திருக்கேன்?"

"எதிர்ல யாரு உக்காந்திருந்தாலும் போர்டைத்தான் பாக்கணும்னு."

"அப்புறம் என்ன கேள்வி?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஜகதீசன் தலையை நீட்டினார். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் ஊர் உருது கொஞ்சம் கலந்தே இருக்கும், 'ஏன்' என்பதே 'கைக்கு' என்றுதான் வரும்.

"கைக்கு இவ்வளவு டென்ஷன் ருக்கு? ரெண்டும் நம்ம பொண்ணுங்க. பத்து மூவ் ஆடிட்டு டிரான்னு கை குடுத்துட்டு வரட்டும். ஸ்ரேயா நேஷனல்ஸ் போகட்டும். ஹம்ஸி அடுத்த வருஷம் போறா."

"பேசி வெச்சுக்கிட்டு ஆடறதா? நக்கோ, வேண்டவே வேண்டாம். அந்த மாதிரி டிரா பண்ணினான்னு ஒரு பையனை கிளாஸை விட்டே அனுப்பியிருக்கேன் நான். இப்ப என் வீட்டுக்குன்னா வேற நியாயமா?"

"ஹவ், ஹவ், சரிதான். உன் நியாயம் உனக்கு" என்று அவர் பேப்பருக்குள் திரும்பப் போய்விட்டார். கொள்கை உள்ளவர்களோடு குடித்தனம் நடத்துவதில் இருக்கும் கஷ்டம் அவருக்குத்தான் தெரியும்.

ருக்மிணியின் கொள்கையில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவள் மனசுக்குள் இன்னொன்று இருந்தது. ஹம்ஸினிக்கு ஆறு வயதிலிருந்து அவள் சொல்லிக்கொடுக்கிறாள். ஸ்ரேயா இரண்டு வருஷம் பிந்தித்தான் வந்தாள், வந்த வேகத்தில் அக்காவைத் தாண்டிவிட்டாள். ஒரு கோச்சுக்கு அதில் பெருமை. ஒரு அம்மாவுக்கு அதில் வேறு ஏதோ. அந்த வேறு ஏதோவை ருக்மிணி இதுவரை எடுத்துப் பார்த்ததில்லை.

*

திருமுல்கேரியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் போட்டி. காலையிலிருந்து தூறல். பெற்றோர்கள் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டிபன் டப்பாக்களைத் திறந்துவைத்துக்கொண்டு, அடுத்தவர் பிள்ளையின் ரேட்டிங்கை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரேயாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழக்கம் என்ன, கோளாறு. காயை நகர்த்துவாள், மூவை எழுதுவாள், கடிகாரத்தை அழுத்த மறந்துவிடுவாள். அழுத்தினால்தான் தன் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும்; தன் நேரம் தீர்ந்தால் ஆட்டமே போச்சு.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முரளிக்கு செஸ் தெரியாது. குதிரை எப்படித் தாண்டும் என்றுகூடக் கடைசிவரை அவன் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு பெண்களும் வீட்டில் ஆடும்போது நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வான். "நீங்க யோசிங்க, மிஷினை நான் பாத்துக்கறேன்" என்பான். இவள் நகர்த்தினால் இந்தப் பக்கம் ஒரு அமுக்கு, அவள் நகர்த்தினால் அந்தப் பக்கம் ஒரு அமுக்கு. ஆபீஸிலிருந்து வந்த களைப்பில் தூங்கி வழிந்தாலும் அமுக்குவது தவறாது. வருஷக்கணக்காக அப்படியே ஓடியது.

அவன் போன பிறகு ஹம்ஸினி தானே அழுத்தப் பழகிக்கொண்டாள். ஸ்ரேயாவால் முடியவில்லை. நகர்த்திவிட்டுக் கன்னத்தில் கை வைத்துவிடுவாள். யாரோ அழுத்துவார்கள் என்று அவள் கைக்கு இன்னும் நினைப்பு.

ருக்மிணிதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால், ஹால் வாசலில், ஸ்ரேயாவின் வலது புறங்கையில் இரண்டு தட்டு. "கடிகாரம்" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அது விழுந்த நாட்களில் ஸ்ரேயா ஒருமுறைகூட மறந்ததில்லை. இந்தப் போட்டியிலும் இதுவரை எல்லாச் சுற்றுக்கும் அந்தத் தட்டு விழுந்துதான் இருந்தது.

"பேரன்ட்ஸ் வெளிய போங்க, ப்ளீஸ். பிள்ளலு மாத்திரம் லோபலிகி" என்று பிள்ளைகளை மட்டும் உள்ளே விட்டபடி நடுவர் கூவினார்.

ருக்மிணி ஹம்ஸினியின் ஹேர்பேண்டைச் சரிசெய்தாள். தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தாள். "அவசரப்படாதே" என்றாள். பக்கத்தில் அனுபமா குடையோடு நின்றாள். ஸ்ரேயா ஒரு நிமிஷம் தயங்கி நின்றாள். பிறகு பின்னாலிருந்த கூட்டம் தள்ள, உள்ளே போய்விட்டாள்.

கதவு மூடியது.

மறதியா? தன் மகளோடு ஆடுகிறவளுக்கு எதுவும் சொல்லக் கூடாது என்ற நியாயமா? இல்லை, அந்த எடுத்துப் பார்க்காத ஏதோவா? ருக்மிணிக்கே தெரியாது. அவளுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. தட்டு விழவில்லை, அவ்வளவுதான்.

*

ஆட்டம் நடக்கும்போது அனுபமா பார்க்க மாட்டாள். படிக்கட்டில் போய் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கதவில் பதித்திருந்த கண்ணாடிக்கு வெளியே நின்றது ருக்மிணிதான்.

முதல் போர்டுக்கு அடுத்த போர்டு. கண்ணாடியிலிருந்து நன்றாகத் தெரிந்தது. ஸ்ரேயா பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு சிப்பாய் கூடுதல், அவளுடைய யானை ஏழாவது வரிசைக்குப் போயிருந்தது. இப்படியே போனால் டிரா கூட வேண்டாம், ஜெயித்தே விடுவாள். ருக்மிணிக்கு நெஞ்சு நிறைந்தது. அதே நெஞ்சு கனக்கவும் செய்தது.

ஸ்ரேயா தன் ராணியை நகர்த்தினாள். எழுதினாள். கன்னத்தில் கை வைத்தாள்.

கடிகாரத்தை அழுத்தவில்லை.

ஹம்ஸினி கடிகாரத்தைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது ஸ்ரேயாவின் நேரம். ஸ்ரேயாவோ அக்கா யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போர்டுக்குள் மூழ்கியிருந்தாள். ஹம்ஸினி எப்போதும் நெடுநேரம் யோசிக்கிறவள்தான். சந்தேகப்பட ஒன்றுமில்லை.

எதிராளி அழுத்த மறந்தால் சொல்ல வேண்டும் என்று விதி இல்லை. நடுவரும் சொல்லக் கூடாது. "அது அவங்க நேரம், அவங்க கவனம். நீ வாய் திறக்காதே. உன் மூவை யோசி." கிளாஸில் ருக்மிணி முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது. பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள்.

ஹம்ஸினி வாய் திறக்கவில்லை.

நடுவர் ஒருமுறை அந்தப் பக்கமாக வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த போர்டுக்குப் போனார். வெளியே தூறல் வலுத்தது. கண்ணாடியில் ருக்மிணியின் மூச்சு படிந்து படிந்து கலைந்தது. 'பாரு, கொஞ்சம் கடிகாரத்தைப் பாரு கண்ணு' என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அது பொய் இல்லை. அந்த நேரத்தில் அவள் உண்மையாகவே ஸ்ரேயாவுக்காகத்தான் தவித்தாள்.

அப்போது ஹம்ஸினி தலையைத் தூக்கினாள்.

கண்கள் ஹாலைச் சுற்றி வந்து கண்ணாடியில் நின்றன. அம்மாவைக் கண்டுபிடித்தன. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கேள்வி முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. சொல்லட்டுமா?

ஒரு தலையசைப்பு போதும். ஆனால் ஆட்டத்தின் நடுவில் பெற்றோர் சைகை காட்டுவது குற்றம். தெரிந்தால் பெண்ணையே போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். கோச்சான ருக்மிணிக்கு அது தெரியாதா என்ன.

அவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

மறுபடி நிமிர்ந்தபோது ஹம்ஸினி போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லால் உதட்டைக் கடித்திருந்தாள். ஸ்ரேயா கன்னத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. நேரம் முழுவதும் வடிந்து தீர்ந்தபிறகு நடுவர் வந்து கடிகாரத்தை நிறுத்தினார். அப்போதுதான் அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று கையை நீட்டினாள்.

"குட் கேம், ஹம்ஸி."

*

"என்னாச்சு சாமி?" என்று படிக்கட்டிலிருந்து எழுந்து வந்தாள் அனுபமா.

"டைம் போயிடுச்சு மம்மி."

"எப்படி?"

"அப்படித்தான்."

அனுபமா மேலே கேட்கவில்லை. மகளின் தலைமேல் குடையைப் பிடித்தாள். ஹம்ஸினி பக்கம் திரும்பி, "கங்கிராட்ஸ் கண்ணு" என்றாள். நல்ல குரலில்தான் சொன்னாள். அதற்கே அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

எப்போதும் காரின் பின்சீட்டில் தங்கையோடு ஒட்டிக்கொண்டு வரும் ஹம்ஸினி இன்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். லால்பஜாரில் ஜகதீசன் வண்டியை ஓரம்கட்டி மிளகாய் பஜ்ஜி வாங்கிவந்தார். பொட்டலம் கை மாறிக் கை மாறிக் கடைசியில் அவரிடமே வந்து சேர்ந்தது. எண்ணெய் ஊறி, நேரேட்மெட் தாண்டுவதற்குள் காகிதம் கிழிந்தே போயிற்று.

ருக்மிணியின் போன் நிற்காமல் அதிர்ந்தது. கிளாஸ் குரூப்பில் வாழ்த்துகள். 'மீ கோச்சிங் சூப்பர் மேடம்' என்று ஒரு அம்மா. கைகூப்பும் படங்கள், கோப்பைப் படங்கள். அவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஹம்ஸினி நேராகச் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"நான் உன்னைத்தான் பாத்தேன்மா."

"ஆட்டத்துல சைகை காட்டக் கூடாதுடி. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"நீ செஞ்சதுல தப்பே இல்ல. ரூல் அதுதான்."

"தெரியும்மா. எல்லாம் கரெக்டாதான் இருக்கு. அதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

ருக்மிணி அவள் தோளைத் தொடப் போனாள். பெண் நகர்ந்துகொண்டாள்.

"நீ ஏன் அவ கையைத் தட்டல?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ருக்மிணி அதை அணைக்கத் திரும்பினாள். துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"சித்தப்பா இருந்திருந்தா அழுத்தியிருப்பாரு" என்றாள் ஹம்ஸினி. "யாரு ஜெயிக்கறாங்கன்னுகூட அவருக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா அழுத்தியிருப்பாரு."

*

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அனுபமா கீழே இறங்கிவந்தாள். முன் அறையில் கிளாஸ் போர்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஜகதீசன் டிவியை அணைத்தார்.

"ஆபீசுக்கு மெசேஜ் போட்டுட்டேனுங்க மாமா. அடுத்த மாசம் கோயமுத்தூர்ல ஜாயின் பண்றேன்."

"இதுக்கு என்னம்மா அவசரம்? அடுத்த வருஷம் ஸ்ரேயா கண்டிப்பா..."

"அவசரம் ஒண்ணும் இல்லீங்க. ஒரு வருஷமா யோசிச்சதுதானே." அவள் ருக்மிணி பக்கம் திரும்பினாள். "அக்கா, ஒண்ணு கேக்கோணும்."

"கேளு அனு."

"ஒவ்வொரு ரவுண்டுக்கும் அவ கையைத் தட்டித்தான் உள்ள அனுப்புவீங்க. இன்னைக்கு நான் பக்கத்துலயேதான் நின்னேன். நீங்க தட்டலீங்களே."

ருக்மிணி சுவரோரப் போர்டுகளை நேராக்கி வைத்தாள்.

"சண்டைக்கு வரலீங்கக்கா. அவர் போனப்புறம் என்னையும் அவளையும் தாங்கினது நீங்கதான். நான் இல்லீன்னு சொல்ல மாட்டேன்." அனுபமா ஒரு அடி கிட்டே வந்தாள். "மறந்துட்டேன்னு சொல்லுங்க. நான் நம்பிக்கறேன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன்."

மறந்துட்டேன். ஒரே வார்த்தை. நிஜமாகவும் இருக்கலாம். இருந்தால் நன்றாக இருக்கும். ருக்மிணி அந்த வார்த்தையை வாய்வரை கொண்டுவந்தாள். அதற்குமேல் வரவில்லை. சமையலறை வாசலில் ஹம்ஸினி வந்து நின்றிருந்தாள்.

"தட்டினாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். மாடிப்படியின் கடைசிப் படியில் ஸ்ரேயா. எப்போது இறங்கிவந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"பெரியம்மா தட்டினாங்க மம்மி. நீ குடையை மடக்கிட்டிருந்தே, பாக்கல. ரெண்டு வாட்டி தட்டினாங்க. கடிகாரம்னும் சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்."

அந்தப் பெண் ஒரே மூச்சில் இத்தனை பேசிக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. அனுபமா மகளைப் பார்த்தபடியே நின்றாள். ஜகதீசன் அப்பாடா என்று மூச்சு விட்டார். "பாத்தியாம்மா, குழந்தையே சொல்லுது. நீ வேற என்னென்னமோ நினைச்சு..."

"அப்படிங்களா அக்கா?" என்றாள் அனுபமா.

ஸ்ரேயா பெரியம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. இதோடு விட்டுவிடலாம் பெரியம்மா என்ற கெஞ்சல் மட்டும் இருந்தது. பதினோரு வயதுப் பெண் தன் பெரியம்மாவுக்காகப் பொய் சொல்லிவிட்டு நிற்கிறாள். ருக்மிணிக்கு அங்கேயே பூமிக்குள் போய்விட வேண்டும்போல் இருந்தது.

சமையலறை வாசலிலிருந்து ஹம்ஸினி பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் பார்த்த அதே பார்வை. இப்போது நடுவில் கண்ணாடி இல்லை. பேசக் கூடாது என்று இங்கே எந்த விதியும் இல்லை.

ருக்மிணி குனிந்து தன் கால்விரலைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

"சரிங்கக்கா" என்றாள் அனுபமா. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறத் தொடங்கினாள்.

ஹம்ஸினி அம்மாவைத் தாண்டிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"சித்தி, கொஞ்சம் நில்லுங்க. ஸ்ரேயா சொன்னது நிஜமில்ல."